செங்கோட்டை மாடிக்கடை கம்ப்யூட்டர் சர்வீஸ்: எனக்கு நடந்தது, முழுசா

மொதல்லயே மார்க்கு போட்டுருதேன், அஞ்சுக்கு நாலு. ஒரு மார்க்கு ஏன் கொறஞ்சுதுன்னு கடைசிலதான் வரும், அது மட்டும் போதும்னா நேரா கீழ போயிருங்க. ஆனா ஒங்க வீட்டு கம்ப்யூட்டர்லயும் 'ஆக்சஸ் டினைட்'னு ஒரு பொட்டி வந்து ஒக்காந்துகிட்டு ஒங்க ஃபைலயே ஒங்களத் தொறக்க விடாம பண்ணுதுன்னா நடுவுல இருக்குறத விட்றாதீங்க. கடைப் பேரு கேக்காதீங்க, நெசமாவே பேரு கெடையாது. 'கம்ப்யூட்டர், பிரிண்டர், யூபிஎஸ் சர்வீஸ்'னு மஞ்சப் பெயிண்டுல தமிழ்ல ஒரு வரி, அதுக்குக் கீழ மலையாளத்துல ஒரு வரி, அவ்ளோதான் போர்டு. செங்கோட்டை பஸ் ஸ்டாண்டுலருந்து நடந்து போற தூரம், கீழ மருந்துக்கடை, பக்கவாட்டுல ஒரு ஆளு மட்டும் ஏறுற மாதிரி செங்குத்தா படி, மூட்டு வலி உள்ளவங்க யாரையாவது அனுப்பிருங்க.

நான் பிரானூர் பார்டர்ல ஒரு மர அறுவை மில்லுல கணக்கு எழுதுதேன், பாதி வேலைய வீட்டுல கொண்டு வந்துதான் முடிப்பேன். வீட்டுல இருந்தது பழைய விண்டோஸ் 10 சிஸ்டம். இந்த வருஷம் சாரல் நேரத்துல கரண்டு வந்து வந்து போச்சு, ஒரு நாள் ராத்திரி கம்ப்யூட்டருக்குள்ள கரண்டு குடுக்குற எஸ்எம்பிஎஸ் போச்சு, போறப்ப மதர்போர்டையும் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. சரி எப்படியும் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான அப்டேட்டு நிறுத்தியாச்சு, மாத்த வேண்டியதுதான்னு புதுசா ஒரு சிஸ்டம் அசெம்பிள் பண்ணி விண்டோஸ் 11 போட்டு, பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க்க ரெண்டாவது டிரைவா மாட்டச் சொன்னேன். மாட்டியாச்சு, டிரைவும் தெரியுது, உள்ள யூசர்ஸ் ஃபோல்டர் இருக்கு, அதுக்குள்ள 'அப்பா'ன்னு என் ஃபோல்டர் இருக்கு. டபுள் கிளிக் பண்ணுனா, இந்த ஃபோல்டரப் பாக்க ஒங்களுக்கு இப்போ அனுமதி இல்ல, நிரந்தரமா அனுமதி வேணும்னா கன்டின்யூ அழுத்துங்கங்குது. அழுத்துனேன். பச்சைக் கோடு மேல ஓடுச்சு, ஓடுச்சு, முக்கா மணி நேரம் ஓடுச்சு, பொறவு அப்படியே நின்னுருச்சு. ரீஸ்டார்ட் பண்ணிட்டு மறுபடி பாத்தா மறுபடி அதே பொட்டி.

படம் பாட்டு மட்டும் இருந்திருந்தா சவத்தத் தள்ளுன்னு விட்டிருப்பேன். அதுக்குள்ளதான் எங்க தாத்தா காலத்துப் பத்திரம் ஸ்கேன் பண்ணி வச்சிருந்துது. புளியரைப் பக்கம் ஒரு துண்டு வயல். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம்தானே இருந்துது, அதனால எங்க வீட்டுப் பழைய பத்திரம் முழுக்க மலையாள எழுத்து, மலையாள நாட்காட்டிப்படி கொல்லம் ஆண்டு போட்டது. அசல்ல பாதியக் கரையான் தின்னுருச்சு. நல்ல வேளையா அதுக்கு முன்னாலேயே எங்கப்பா 14 பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி வச்சிட்டாரு. நகல் மனு போட்டு ஆபீசுல வாங்கலாம்தான், ஆனா நாளாகும், வக்கீலு அடுத்த திங்கக்கெழமயே மூலப் பத்திரத்தக் கண்ணுல காட்டுங்கங்காரு.

மொதல்ல போனது இந்தக் கடைக்கு இல்ல. பக்கத்து ஊர்ல ஒரு பெரிய கடை, ஊரும் வேணாம் பேரும் வேணாம், ஏசி போட்டு கண்ணாடிக் கதவு வச்சது. அங்க ஒரு தம்பி டிஸ்க்க மாட்டி, என் ஃபோல்டர ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ் பாத்தாப்ல. 0 பைட்ஸ், 0 ஃபைல்ஸ்னு காட்டுது. ஒடனே மூஞ்சிய ஒரு மாதிரி வச்சிக்கிட்டு, சார் டேட்டா கரப்ட் ஆயிருச்சு, ரெக்கவரிக்கு அனுப்பணும், 8500 ஆகும், வரும்னு கேரண்டியும் சொல்ல முடியாது, இல்லேன்னா ஃபார்மேட் அடிச்சு டிஸ்க்க மட்டும் தாரேன்னாப்ல. எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. யோசிச்சு வாரேன்னு டிஸ்க்க வாங்கிப் பையில போட்டுட்டு வந்துட்டேன்.

அடுத்து வீட்டுல எம்பையன். பிளஸ் டூ படிக்கான், எதுக்கெடுத்தாலும் வீடியோ பாத்துச் செஞ்சிருவான். நான் மில்லுக்குப் போயிருந்த நேரத்துல, பிராப்பர்ட்டீஸ்ல யாருக்கு என்ன அனுமதின்னு காட்டுற செக்யூரிட்டி டேபுக்குள்ள போயி, அட்வான்ஸ்டு அழுத்தி, ஓனர மாத்துதேன்னு ஆரம்பிச்சு, மேல இருக்க ஃபோல்டர்லருந்து அனுமதி தானா வார இன்ஹெரிட்டன்ஸ எடுத்துவிட்டு, அதுல இருந்த பழைய பேரெல்லாம் தூக்கிட்டு, மொத்த டிரைவுக்கும் எவ்ரிஒன் ஃபுல் கன்ட்ரோல்னு, அதாவது யாரு வேணும்னாலும் எல்லாம் செய்யலாம்னு குடுத்து ஓட விட்டிருக்கான். பாதி ஓடும்போது பயந்துபோயி கேன்சல் அடிச்சிட்டான். அதுக்கப்புறம் கன்டின்யூ அழுத்துற வாய்ப்பும் போச்சு, ஒங்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டிருக்கு, செக்யூரிட்டி டேபுக்குப் போங்கன்னு வேற ஒரு பொட்டி வருது. ராத்திரி சோறு தின்னுகிட்டே மெதுவாச் சொல்லுதான். என்ன செய்ய.

மில்லுக்கு லோடு எடுக்க வார புனலூர் டிரைவரு ஒருத்தர்தான் இந்த மாடிக்கடையச் சொன்னாரு. அவரு லேப்டாப்ப இங்கதான் குடுப்பாராம். சனிக்கெழம காலைல 10 மணிக்குப் போயி நின்னா கடை பூட்டியிருக்கு. கீழ மருந்துக்கடையில கேட்டா, அவரு 11 மணிக்கு முன்னால வரமாட்டாருல்லா, ஒரு டீயக் குடிச்சிட்டு வாங்கன்னாங்க. 11:20க்கு வந்தாரு. அம்பத்தஞ்சு வயசு இருக்கும், நெத்தி நெறைய திருநீறு, சட்டைப் பையில ஸ்குரூ டிரைவர். அண்ணாச்சி, ஃபைல் தொறக்கலன்னு ஆரம்பிச்சேன், கையக் காட்டி நிறுத்திட்டாரு. "மொதல்ல டிஸ்க்கு நோயாளியா, இல்ல பூட்டு மட்டும்தான் சிக்கலான்னு பாப்போம் தம்பி. ரெண்டுக்கும் மருந்து வேற."

எனக்குப் புடிச்சதே இந்த எடம்தான். ஃபோல்டரத் தொறந்து பாக்கவே இல்ல. டிஸ்க்க வெளியிலருந்தே மாட்டுற யூஎஸ்பி டாக்குல சொருகி, டிஸ்க்கோட ஹெல்த்து காட்டுற ஒரு சாஃப்ட்வேரப் போட்டாரு. நீலமா வரவேண்டிய எடத்துல மஞ்சளா 'காஷன்'னு வந்துச்சு. பெண்டிங் செக்டார்னு ஒரு வரியக் காட்டி, "இங்க பாருங்க, டிஸ்க்குல சில எடத்தப் படிக்க கஷ்டப்படுது. ஒங்க பச்சைக் கோடு நின்னது இதனாலயா இருக்கலாம்"னாரு. பொறவு டிரைவோட மொத்தக் கணக்கப் பாத்தாரு, 412 ஜிபி நெறஞ்சிருக்கு. என் ஃபோல்டர் 0 பைட்ஸ். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, "412 ஜிபிய எவன் தின்னான்? உள்ளதான் இருக்கு. ஒங்களுக்கு உள்ள எட்டிப் பாக்க அனுமதி இல்ல, பாக்க முடியாததால விண்டோஸால எண்ண முடியல, எண்ண முடியாததால 0ங்குது"ன்னாரு. பெரிய கடையில அந்த 0வ வச்சுத்தான் எனக்கு 8500 ரூவா கணக்கு சொன்னாங்க.

சரி அண்ணாச்சி, பழசுலயும் என் பேரு அப்பாதான், புதுசுலயும் அப்பாதான், பாஸ்வேர்டு கூட அதேதான், அப்புறம் ஏன் என்னய அன்னியன் மாதிரி நடத்துதுன்னு கேட்டேன். அதுக்கு செக்யூரிட்டி டேபத் தொறந்து காட்டுனாரு. அங்கன என் பேரே இல்ல. 'அக்கவுண்ட் அன்நோன்'னு போட்டு பக்கத்துல எஸ்-1-5-21ன்னு ஆரம்பிச்சு ஒரு நீள நம்பரு, முடிவுல 1001. ஒவ்வொரு யூசருக்கும் விண்டோஸ் உள்ளுக்குள்ள இப்படி ஒரு நம்பரு குடுக்கும், எஸ்ஐடின்னு பேரு, ஃபைலு மேல எழுதி வைக்கிறது அந்த நம்பரத்தான், நம்ம பேர இல்ல. பேரு நாம படிக்கதுக்கு. விண்டோஸப் புதுசாப் போட்டா நம்பரும் புதுசு. பழைய நம்பருக்குச் சொந்தக்காரன் யாருன்னு இந்தப் புது விண்டோஸுக்குத் தெரியாது, அதான் அன்நோன். இந்தச் சொந்தம், அனுமதி எல்லாம் டிஸ்க்குலயே ஃபைலோட கூடவே எழுதியிருக்கதால, டிஸ்க்கக் கழட்டி எங்க மாட்டுனாலும் கூடவே வரும்.

நான் மரக் கணக்கு எழுதுற ஆளு, எனக்கு டக்குனு பிடிபட்டுது. எங்க மில்லுக்குக் கேரளாவுலருந்து வார தடி ஒவ்வொண்ணுலயும் வெட்டுவாயில சுத்தியல் முத்திரை அடிச்சிருக்கும். டிப்போ வேற ஆளு கைக்கு மாறலாம், புது ஆளுக்கும் பழைய ஆளு பேரே கூட இருக்கலாம், தடியில அடிச்ச முத்திரை மாறாது. செக்போஸ்ட்ல பாஸ்ல இருக்க மார்க்கும் தடியில இருக்க மார்க்கும் ஒத்துப்போகலேன்னா லாரி அங்கனயே நிக்கும், தடி என்னமோ நல்ல தடிதான். இத நான் சொன்னதும் அண்ணாச்சி சிரிச்சுகிட்டே, இனிமே வாரவங்ககிட்ட இதையே சொல்லிருதேன்னாரு.

இன்னொரு கேள்வியும் கேட்டேன், இது எல்லாருக்கும் வார சந்தேகம்தான். புது சிஸ்டத்துல நாந்தான் அட்மின், அதாவது முழு அதிகாரம் உள்ள ஆளு, செட்டிங்ஸ்ல அட்மினிஸ்ட்ரேட்டர்னே போட்டிருக்கு, அப்புறமும் ஏன் அனுமதி இல்லங்குது? நீங்க அட்மின்தான், ஆனா நீங்க தொறந்த ஜன்னலு அட்மினா ஓடலங்காரு. 2007ல விண்டோஸ் விஸ்டா வந்ததுலருந்து இந்த ஏற்பாடாம், அட்மின் லாக்இன் பண்ணுனாலும் எல்லா வேலையும் சாதாரண ஆளு மாதிரிதான் ஓடும், பெரிய வேலைன்னா திரைய இருட்டாக்கி எஸ்ஸா நோவான்னு கேக்கும்லா, அப்பத்தான் முழு அதிகாரம். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்ங்கற குரூப்புக்கு மட்டும் எந்த விண்டோஸ்லயும் ஒரே நம்பரு, அதனாலதான் வேற சிஸ்டத்து டிஸ்க்கயும் அட்மினால தொறக்க முடியுது, எம்பையன் அந்தக் குரூப்பு பேரத்தான் லிஸ்ட்டுலருந்து தூக்கிட்டான். பையனும் கூடத்தான் வந்திருந்தான். "வே, வீடியோக்காரன் அவன் சிஸ்டத்துல செஞ்சான், நீ ஒங்கப்பன் சிஸ்டத்துல செஞ்சிருக்க"ன்னாரு. பய தலையத் தொங்கப் போட்டுட்டான். இதே வேலைய நீ சி டிரைவுல செஞ்சிருந்தா விண்டோஸே எந்திரிக்காமப் போயிருக்கலாம், சிஸ்டம் ஃபைலுக்கெல்லாம் டிரஸ்டெட் இன்ஸ்டாலர்னு தனிச் சொந்தக்காரன் இருக்கான், அவன வெரட்டிட்டு நம்ம பேரப் போட்டா அப்டேட்டுலருந்து எல்லாம் கோளாறாகும்னு தனியா ஒரு பாடம் வேற. வெளிய ஆளு நிக்கும்போதே சத்தமா வைதது எனக்கு அவ்வளவா பிடிக்கல, ஆனா சொன்னது சரிதான்.

இனி வைத்தியம். டேக்ஓன்னு ஒரு கட்டளை இருக்கு, சொந்தக்காரன மாத்தும், ஐகேக்ல்ஸ்னு இன்னொண்ணு இருக்கு, அனுமதியக் குடுக்கும், ரெண்டையும் அட்மினா தொறந்த கமாண்ட் ப்ராம்ப்ட்ங்கற கருப்பு ஜன்னல்ல அடிக்கணும். நல்ல டிஸ்க்கா இருந்தா அண்ணாச்சியே அததான் செய்வாராம், அதுவும் மொத்த டிரைவுக்கும் இல்ல, வேணும்ங்கற ஃபோல்டருக்கு மட்டும். ஆனா என் டிஸ்க்குக்கு அத செய்யமாட்டேன்னுட்டாரு. ஏன்னா அந்தக் கட்டளை ஒவ்வொரு ஃபைலாப் போயி டிஸ்க்குல எழுதும், லட்சக்கணக்குல ஃபைலு, மூச்சு வாங்குற டிஸ்க்குல எழுதவே கூடாது, மொதல்ல காப்பி எடுக்கணும். அதுக்கு விண்டோஸ்லயே ரோபோகாப்பின்னு ஒண்ணு இருக்கு, அதுல பேக்கப் மோடுன்னு ஒரு வழி. பேக்கப் எடுக்கதுக்குன்னே அட்மினுக்கு ஒரு தனி உரிமை உண்டாம், அதுல போனா ஃபைலு மேல யாரு பேரு எழுதியிருக்குன்னு பாக்காம படிச்சுக் குடுத்துரும். பழைய டிஸ்க்குல ஒரு எழுத்து மாறாது. அனுமதிய விட்டுட்டு ஃபைல மட்டும் காப்பி பண்ணுனா, புது எடத்துல அந்த எடத்து அனுமதி தானா வந்து ஒட்டிக்கும். இது நான் கவனிக்காத விஷயம், ஒரே டிரைவுக்குள்ள கட் பண்ணி பேஸ்ட் பண்ணுனா பழைய அனுமதி கூடவே வரும், காப்பி பண்ணுனா வராதாம்.

கட்டளைய அடிக்கிறப்ப ரெண்டு எடத்துல நிறுத்திக் காட்டுனாரு. ஒண்ணு, ஒரு ஃபைலப் படிக்க வரலேன்னா எத்தன தடவ மறுபடி பாக்கணும்ங்கறது. சும்மா விட்டுட்டா ரோபோகாப்பி 30 செகண்டுக்கு ஒருக்க, 10 லட்சம் தடவ முயற்சி பண்ணுமாம். ஒரே ஒரு கெட்ட ஃபைலு போதும், ஒரு வருஷத்துக்குக் கடைய இழுத்துப் பூட்டிட்டு ஒக்காரணும். அத ஒரு தடவன்னு கொறச்சாரு. இன்னொண்ணு, யூசர் ஃபோல்டருக்குள்ள பழைய காலத்து சாஃப்ட்வேருக்காக வச்சிருக்க வெத்து வழிகாட்டிப் பலகைங்க இருக்கு, ஃபோல்டர் மாதிரியே தெரியும், உள்ள ஒண்ணும் கெடையாது, வேற எடத்தக் கைகாட்டும். சில பலகை சுத்தி அதே எடத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து விடும், காப்பி முடியவே முடியாது. அத ஒதுக்கச் சொல்லி ரெண்டு எழுத்து சேத்தாரு. சி டிரைவுல 'டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்'னு ஒண்ணு மங்கலாத் தெரிஞ்சு, தொறந்தா அனுமதி இல்லன்னு வரும்லா, அதுவும் இந்தப் பலகைதானாம். அத ரிப்பேர் பண்ணுங்கன்னு மாசம் ரெண்டு பேராவது வாறாங்களாம். அது ரிப்பேரே இல்ல, அப்படித்தான் செஞ்சிருக்கான், விட்டுருங்கன்னு அனுப்பிருவாராம், காசு வாங்கமாட்டாராம்.

12 மணிக்கு ஓட விட்டாரு. சாயங்காலம் ஆகும், போயி சாப்பிட்டு வாங்கன்னாரு. நானும் பையனும் பிரானூர் பார்டருக்கே திரும்பி பரோட்டாவும் நாட்டுக்கோழியும் தின்னோம், மில்லுல ஒரு எட்டு பாத்துட்டு, அஞ்சு மணிக்கு மறுபடி ஏறுனோம். கடையில ஆரியங்காவுலருந்து ஒரு சேட்டன் பிரிண்டர வச்சுகிட்டு காத்திருந்தாரு. கருப்பு ஜன்னல்ல வேல முடிஞ்சு கணக்கு நிக்குது, மொத்தத்துல தேறாதது 3 ஃபைலு. எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. மூணும் பையன் டவுன்லோடு பண்ணி வச்ச கேம் ஃபைலு. பத்திரம் ஃபோல்டரத் தொறந்தாரு, 14 படம். மொதப் படத்தப் பெருசாக்குனாரு, பழுப்புக் காகிதம், மேல திருவிதாங்கூர் முத்திரை, மடிப்பு விழுந்த எடத்துல எழுத்து லேசா அழிஞ்சிருக்கு. எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. அந்தச் சேட்டன் எட்டிப் பாத்து, "கொல்லவர்ஷம் ஆயிரத்தி நூற்றி பதிமூணு"ன்னு சத்தமா வாசிச்சாரு, அடுத்து எங்க தாத்தா பேர வாசிச்சாரு, அவுகப்பா பேரயும் சேத்து. எம்பையன் அந்தப் பேர மொதத் தடவையா அன்னைக்குத்தான் கேக்கான். அண்ணாச்சி கணக்குப் போட்டு 1113ன்னா 1937, 38னாரு. வக்கீல் கூட அப்படி ஒடனே சொல்லல.

டீ வந்துச்சு. அந்த நேரத்துல பேசுனதுல சிலது எழுதியே ஆகணும், ஏன்னா எல்லா 'அனுமதி இல்ல'யும் ஒரே வியாதி கெடையாதாம். ஃபைல அழிக்கப் போனா வேற புரோக்ராம்ல தொறந்திருக்குன்னு வந்தா அது அனுமதிச் சிக்கலே இல்ல, ஏதோ ஒண்ணு அதப் புடிச்சு வச்சிருக்கு. விண்டோஸ்லயே இருக்க ரிசோர்ஸ் மானிட்டர்ல சிபியூ டேபுல ஃபைல் பேரத் தேடுனா புடிச்சிருக்கவன் யாருன்னு தெரியும், அது தெரியாதவங்க ரீஸ்டார்ட் பண்ணுனாலே பாதி தீந்துரும். ஃபோல்டர் பிராப்பர்ட்டீஸ்ல ரீட் ஒன்லின்னு ஒரு கட்டம் இருக்கும், எத்தன தடவ எடுத்துவிட்டாலும் மறுபடி வந்து ஒக்காந்துக்கும், அதப் பாத்து பயப்படாதீங்க, ஃபோல்டருக்கு அந்தக் கட்டத்தால ஒரு தடையும் கெடையாது. நம்ம ஆளுக தமிழ்ல நீளநீளமா பேரு வச்சு, ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர் போட்டு, மொத்த வழியும் 260 எழுத்தத் தாண்டிட்டா பல சாஃப்ட்வேர் அந்த ஃபைலத் தொடாது. தமிழ்ல 'கு'ன்னு ஒண்ணு எழுதுனா கம்ப்யூட்டருக்கு அது ரெண்டு, அதனால நாம நெனைக்கிறதுக்கு முன்னாலயே நெறஞ்சிரும். 'அக்கா மகள் சடங்கு வீட்டு போட்டோ எல்லாம்'னு வைக்காம 'சடங்கு'ன்னு வச்சாப் போதும்னாரு. அப்புறம் டாக்குமெண்ட்ஸ்ல சேவ் மட்டும் ஆகலேன்னா விண்டோஸ் செக்யூரிட்டிக்குள்ள ரான்சம்வேர் பாதுகாப்புல கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் ஆன்ல இருக்கான்னு பாக்கணும், யாராவது ஆன் பண்ணி விட்டிருப்பாங்க, நாம நம்ம சாஃப்ட்வேர அதுல சேத்துவிட்டா சரியாயிரும்.

ஆனா ஒரு கேஸுல மட்டும் கைய விரிச்சிருவாராம். என்கிரிப்ஷன், அதாவது கீ இல்லாம யாரும் படிக்க முடியாதபடி டிஸ்க்குல இருக்கதையே கலைச்சு வைக்கிறது. விண்டோஸோட பிட்லாக்கர் போட்ட டிரைவுன்னா 48 இலக்கத்துல ஒரு ரெக்கவரி கீ வேணும். புது லேப்டாப்புல பலதுல நாம கேக்காமலே அது ஆன்ல இருக்கும், கீ நம்ம மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல போயி ஒக்காந்திருக்கும், அந்த அக்கவுண்ட எவன் எந்த ஈமெயில்ல தொறந்தான்னு ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. அப்படி ஒரு லேப்டாப்போட தென்மலைப் பக்கத்துலருந்து ஒருத்தர் வந்து, எவ்ளோ வேணும்னாலும் தாரேன்னு கெஞ்சுனாராம். "முத்திரைய மாத்தி அடிக்கலாம் தம்பி, அங்க தடியே மரத்தூளா இல்ல கெடக்கு"ன்னாரு. நான் சொன்ன கதையவே எனக்குத் திருப்பிப் போடுதாரு! வீட்டுக்குப் போன கையோட எல்லா லேப்டாப்புலயும் அந்தக் கீய எடுத்து ஒரு நோட்டுல எழுதி வைங்கன்னாரு, வச்சிட்டேன், ரேஷன் கார்டு வச்சிருக்க டப்பாவுல.

கூலி 700. புதுசா ஒரு வெளி டிஸ்க்கு நானே வாங்கிக் குடுத்தேன், அது தனி. அந்த டிஸ்க்க எக்ஸ்ஃபேட்ல ஃபார்மேட் பண்ணட்டுமா என்டிஎஃப்எஸ்லயான்னு கேட்டாரு, ரெண்டும் டிஸ்க்குல ஃபைல அடுக்கி வைக்கிற முறை. எக்ஸ்ஃபேட்ல இந்த முத்திரை வேலையே கெடையாது, எந்த சிஸ்டத்துல சொருகுனாலும் தொறக்கும், அதனாலதான் பென் டிரைவுல இந்தத் தொல்ல நமக்கு வராம இருந்திருக்கு. ஆனா எழுதிகிட்டு இருக்கும்போதே கரண்டு போனாலோ வெடுக்குனு புடுங்குனாலோ என்டிஎஃப்எஸ் சமாளிக்கிற மாதிரி அது சமாளிக்காது. எங்க வீட்டு கரண்டு நெலமயச் சொன்னேன், அப்போ என்டிஎஃப்எஸ்ஸே இருக்கட்டும், சிக்கல்னா எங்கிட்ட வாங்கன்னுட்டாரு. பையனுக்குப் புது சிஸ்டத்துல அட்மின் இல்லாத தனி அக்கவுண்டு போட்டுக் குடுக்கச் சொன்னாரு, அதுவும் ஆச்சு, அவன் ரெண்டு நாளு எங்கூட பேசல.

இப்போ கொற. பில்லு கெடையாது, கேட்டா ஒரு துண்டுச் சீட்டுல எழுதித் தாராரு. ஃபோன எடுக்கவே மாட்டாரு, நாலு தடவ அடிச்சா ஒரு தடவ எடுத்து, வேலையா இருக்கேன்னுட்டு வச்சிருவாரு. ஞாயித்துக்கெழம வாங்கித் தாரேன்னு சொன்ன, டிஸ்க்க போர்டோட இணைக்கிற சாட்டா கேபிளு புதன்கெழமதான் வந்துது. இதெல்லாம் பரவால்ல, இதுக்காக நான் மார்க்கக் கொறைக்கல.

நான் கொறச்சதுக்குக் காரணம் வேற. காப்பி முடிஞ்சதும், எல்லாம் தொறக்குதான்னு சரிபாக்கேன்னு சொல்லி அண்ணாச்சி எங்க வீட்டு போட்டோ ஃபோல்டர ஒரு வார்த்த கேக்காமத் தொறந்துட்டாரு. கடையில அந்தச் சேட்டன் நிக்காரு, இன்னும் ரெண்டு பேரு நிக்காங்க, திரையில எங்க வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப எடுத்த படம். அவரு ஒடனே மூடிட்டாரு, தப்பா ஒண்ணும் நெனைக்கல, வேல மும்முரத்துல செஞ்சதுதான். ஆனாலும் வீட்டுல வந்து சொன்னதும் அவளுக்கு மொகம் மாறிருச்சு, எனக்கும் அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. பாஸ்வேர்டு போட்டிருக்கோம், யாரும் பாக்க முடியாதுன்னு இத்தன வருஷம் நெனச்சுகிட்டிருந்தேன். டிஸ்க்கக் கழட்டி வேற சிஸ்டத்துல மாட்டுனா, தெரிஞ்ச ஆளுக்கு அந்தப் பாஸ்வேர்டு ஒரு பொருட்டே இல்லன்னு அன்னைக்கு என் கண்ணு முன்னாலயே பாத்தேன். பென் டிரைவுலருந்து விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ ஓட்டுனா இந்த அனுமதியெல்லாம் பாக்காமலே தொறக்குமாம், அதையும் அவருதான் சொன்னாரு. அப்போ நான் மொதல்ல குடுத்த அந்தப் பெரிய கடையில ஒரு மணி நேரம் டிஸ்க்கு உள்ள இருந்துதே, அங்க என்ன பாத்தாங்களோ? தொறக்கத் தெரியாததே ஒரு வகையில நல்லதாப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். என்கிரிப்ஷன் போட்டா இந்த பயம் இல்ல, ஆனா கீய விட்டா தென்மலைக்காரரு கதிதான். புது சிஸ்டத்துல போட்டுட்டேன், கீ ரெண்டு எடத்துல எழுதியிருக்கு.

புதன்கெழம கேபிளு வாங்கப் போனப்ப இத அண்ணாச்சிகிட்ட நேராவே சொன்னேன். சங்கடப்பட்டாரு. "கேட்டுட்டுத் தொறந்திருக்கணும், தப்புதான்"னுட்டு, அவரு சிஸ்டத்துல என் காப்பி ஏதும் இல்லன்னு எனக்கு முன்னாலயே தொறந்து காட்டுனாரு. அடுத்து வந்த ஒரு அக்கா லேப்டாப்பத் தொறக்கும்போது, எந்த ஃபோல்டரத் தொறந்து சரிபாக்கட்டும்னு கேட்டுட்டுத்தான் தொட்டாரு. நான் பாக்கணும்னே கேட்டாரோ என்னமோ, கேட்டாரு.

போறவங்க 11:30க்கு மேல போங்க. டிஸ்க்க மட்டும் கழட்டி ஒரு துணியில சுத்திக் கொண்டுபோனாப் போதும், சிபியூவத் தூக்கிகிட்டு அந்தப் படியில ஏற முடியாது. பைக்க மருந்துக்கடை வாசல்ல நிறுத்தாதீங்க, அந்தம்மா வையும்.